பூட்டிய வீட்டில் நிற்கும் கார்: எஞ்சின் தேயாமல் எழுப்ப எது நல்ல வழி?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. அந்தப் பின்தெரு ஓரத்தில், ஒரு காலத்தில் வில்வண்டி நின்ற கொட்டகையில், இன்று பெரும்பாலும் ஒரு கார் நிற்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்; பொங்கலுக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும், கோயில் திருவிழாவுக்கும், வீட்டில் யாருக்காவது சாந்திக் கல்யாணம் என்றாலும் வந்து பத்து நாள் தங்கிப் போகிறார்கள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தக் கார் உறைக்கு அடியில் உறங்குகிறது. காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக இப்படி மூன்று கார்களின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. ஒன்று எங்கள் அப்பச்சி வாங்கிய பெட்ரோல் அம்பாசடர். இரண்டாவது சித்தப்பா மகனின் டீசல் கார். மூன்றாவது தங்கையின் சிறிய பெட்ரோல் கார். நெடுநாள் நிற்கும் எஞ்சினை எப்படி வைத்திருந்து எப்படி எழுப்புவது என்பதற்கு மூன்றுக்கும் ஒரே விடை சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான தவறான விடை ஒன்று உண்டு. ஊரில் பெரும்பாலோர் கைக்கொள்வதும் அதுவே.

விடைகளை எடைபோடுவதற்கு முன், எஞ்சின் எங்கே எதனால் தேய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஓடுகின்ற எஞ்சினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சுழற்சியின் வேகத்தால் ஆயில் இரண்டுக்கும் நடுவே ஆப்புபோலச் செருகிக்கொண்டு தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதித்தபோது, ஆயில் ஊற்றுவதற்காக மேலே போட்ட துளை வழியாக ஆயில் வெளியே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார். அது பிதுங்கி வந்தது. மரக்கட்டையை அடித்து அடைத்தார். அதையும் ஆயில் தள்ளிவிட்டது. பேரிங்குக்குள் ஆயில் எத்தனை அழுத்தத்தோடு இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதன் கணக்கை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் எழுதிக் காட்டினார். இந்த ஆப்பு உண்டாக ஆயிலும் வேண்டும், சுழற்சியும் வேண்டும். வண்டி நின்றதும் தண்டு தன் கனத்தால் மெல்ல இறங்கி பேரிங்கின்மேல் அமர்ந்துவிடுகிறது; இடையில் மிஞ்சுவது மிக மெல்லிய ஒரு பூச்சும், ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகச் சேர்மம் உலோகத்தின்மேல் விட்டுச்சென்ற ஒரு காப்புப் படலமும் மட்டுமே. சாவியைத் திருப்பியதிலிருந்து ஆயில் பம்பு அடித்தட்டிலிருந்து ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் வரையுள்ள அந்தச் சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உராய்கிறது.

நேற்று மாலை நிறுத்திய வண்டியில் இது பெரிய செய்தி இல்லை, ஏனென்றால் குழாய்களிலும் இடுக்குகளிலும் ஆயில் இன்னும் நிறைந்திருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் மேலேயிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் சிலிண்டர் சுவரும் ஏறக்குறைய வடிந்து காய்ந்திருக்கும். அதோடு இன்னும் இரண்டு கேடுகள் சேர்கின்றன. நெடுநேரம் செல்ஃப் அடித்தால், எரியாத பெட்ரோல் சுவரில் மிஞ்சியிருக்கும் ஆயிலையும் கழுவிவிடுகிறது. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும் என்பதால், அந்தச் சிலிண்டருக்குள் ஈரக்காற்று புகுந்து மெல்லிய துருவை உண்டாக்குகிறது. முதல் சுற்றிலேயே பிஸ்டன் ரிங் அந்தத் துருவைச் சுரண்டிக்கொண்டு ஏறி இறங்குகிறது. ஆகவே ஒரு வழி நல்லதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்: ஆயில் எவ்வளவு விரைவில் போய்ச் சேர்கிறது, பெட்ரோல் எவ்வளவு கழுவுகிறது, துரு எவ்வளவு பிடிக்கிறது.

இந்த மூன்றில் நம் ஊருக்குப் பொருந்தாத அறிவுரைகள் நிறைய வந்து கலந்துவிட்டன. குளிர்நாடுகளில் ஆயில் தேன்போல இறுகிவிடும் என்பதே முதல் கவலை. ஆயில் டப்பாவில் 5 டபிள்யூ என்று போட்டிருந்தால் அது சுழியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸிலும், 20 டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 15 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதித்துப் போட்ட எண். காரைக்குடிப் பக்கத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். அதனால் புறப்படுவதற்கு முன் பத்து நிமிடம் எஞ்சினைச் சூடேற்ற வேண்டும் என்பதும், நின்ற வண்டிக்காகவே மெல்லிய ஆயிலுக்கு மாற வேண்டும் என்பதும் நமக்கு அவ்வளவாக உதவாதவை. இங்கே உண்மையான எதிரிகள் ஐப்பசி கார்த்திகை ஈரம், பழசாகிப்போன பெட்ரோல், செத்த பேட்டரி, எலி ஆகியவையே.

இனி, ஊரில் எல்லாரும் செய்வதைப் பார்ப்போம். வெளிநாட்டுக்குப் போகும்போது வீட்டுக்காரர் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். "வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணிப் போட்டுர்றேண்ணே, நீங்க கவலைப்படாதீக" என்று அவர் சொல்வார். சொன்ன சொல் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை தோறும் எஞ்சினைப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பார். அக்கறையோடு செய்யும் காரியம்தான்; ஆனால் தேய்மானத்தின் கண்ணோட்டத்தில் இதைவிடக் கெட்ட வழியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய காய்ந்த தொடக்கம் இதனால் ஐம்பது முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் பாய்கிறது. அதில் ஒரு பகுதி சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலக்கிறது.

அதைவிடப் பெரிய கேடு தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நன்றாகச் சூடேறிய எஞ்சினில் இது சைலென்சர் வழியாக ஆவியாகவே போய்விடும். ஆயிலுக்குள் இறங்கிய ஈரமும் ஆயில் 80, 90 பாகையைத் தொட்டபின் ஆவியாகி வெளியேறிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடும் எஞ்சினிலோ, மீட்டரில் தண்ணீர் சூட்டு முள் நடுவுக்கு வந்திருந்தாலும் ஆயில் அந்தச் சூட்டை எட்டியிருக்காது. உண்டான நீர் உள்ளேயே படிந்துவிடும். வாரம் ஒரு முறை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்தால், எரிபொருளின் எச்சத்தோடு அது அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும். சைலென்சரும் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழும்.

சித்தப்பா மகன் இப்போதைய டீசல் காருக்கு முன் வைத்திருந்த பெட்ரோல் காரில் இதை நான் கண்ணால் பார்த்தேன். ஓராண்டு முழுவதும் வாராவாரம் ஓடவிட்ட வண்டி அது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடிப்புறத்தில் பாதாம்பால் நிறத்தில் கொழகொழவென்று பசை படிந்திருந்தது. பார்த்த மெக்கானிக், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் துளியும் குறையவில்லை என்பதால் எனக்கு ஐயம் வந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ராமேசுவரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது பசை ஏறக்குறைய இல்லை. கேஸ்கெட் அப்படியே இருந்தது. கெட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

பேட்டரிக்காகவாவது ஓடவிட வேண்டாமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய காரில் அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டி எல்லாம் சேர்ந்து, நிறுத்திய நிலையிலும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் 5 ஆம்பியர்-மணி போய்விடும். பத்து நிமிடம் நின்றபடி ஓடும் எஞ்சின் இரண்டு மூன்று ஆம்பியர்-மணியைத் திருப்பிக் கொடுத்தால் பெரிது. செல்ஃப் அடித்ததற்கும் அதிலிருந்தே கழிக்க வேண்டும். ஆகவே வரவைவிடச் செலவு அதிகமாகி, நாலைந்து மாதத்தில் பேட்டரி இளைத்துவிடும். இளைத்த பேட்டரி எஞ்சினை மெல்லச் சுழற்றும். மெல்லச் சுழலும் தண்டுக்கு அந்த ஆயில் ஆப்பு உண்டாகாது. பேட்டரி தளர்ச்சியும் தேய்மானத்துக்கே போய்ச் சேருகிறது.

இதற்கு எதிர்முனையில் இருக்கும் வழி, மாதம் ஒரு முறை வண்டியை உண்மையாகவே ஓட்டுவது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பினால் சுமார் 25 கிலோமீட்டர். பள்ளத்தூரிலிருந்து என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். அரை மணிக்குக் குறையாமல் ஓடினால் ஆயில் முழுச் சூட்டை எட்டும், ஈரம் வெளியேறும், வால்வு நிலைகள் மாறும், பிரேக்கும் டயரும் பிழைக்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு தொடக்கம் மட்டுமே. ஒவ்வொரு தொடக்கமும் தான் செய்த கேட்டைத் தானே ஆற்றிவிட்டுப் போகிறது. நம்பிக்கையான, பொறுமையாக ஓட்டும் ஓட்டுநர் ஊரிலேயே கிடைத்தால் இதற்கு மேல் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கிடைப்பதுதான் அரிது. மாதம் ஒரு முறை என்பது இரண்டு மாதமாகி, பிறகு "ஸ்டார்ட் பண்ணித்தானே வச்சிருக்கேன்" என்ற பழைய இடத்துக்கே வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காப்பீடு நடப்பில் இருக்கிறதா, புகைச் சான்று காலாவதியாகிவிட்டதா என்பதையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வண்டியை முழுவதுமாக உறங்க வைப்பது. நான் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கப்போகும் எந்தக் காருக்கும் இதையே சொல்வேன். இதில் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, நிறுத்துவதற்கு முன்னாலேயே ஆயில் மாற்றுவது. "ஓடவே போறதில்ல, எதுக்குப் புது ஆயில்?" என்று கேட்பவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கரியும் இருக்கும். பத்து மாதம் அதில் ஊறினால் பேரிங்கின் மென்மையான உலோகத்தில் அரிப்பு விழும். புது ஆயிலை ஊற்றி, ஒரு முறை நன்றாகச் சூடேற ஓட்டி, எல்லா இடமும் அது பூசப்பட்டபின் நிறுத்துவதே முறை. டேங்கு தகரமாக இருந்தால், உள்ளே காற்று நிற்க இடம் இல்லாதபடி முழுக்க நிரப்ப வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட இந்நாளில் ஈரக்காற்று டேங்குக்குள் புகாமல் பார்ப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது, ஏனென்றால் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து தங்கிவிடும். கார்புரேட்டர் உள்ள வண்டியில் அதிலிருக்கும் பெட்ரோலை எரித்தோ வடித்தோ காலியாக்கிவிட வேண்டும்.

பிறகு பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிடலாம். முடிந்தால் பேட்டரியையே எடுத்து வீட்டுக்குள் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றுவது இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் சும்மா கிடக்கும் பேட்டரிகூட விரைவில் தானாக இறங்கும். சைலென்சர் வாயையும் காற்று உறிஞ்சும் வாயையும் துணியால் அடைத்தால் ஈரமும் குளவியும் எலியும் உள்ளே போகாது. மண் தரைக் கொட்டகை என்றால் கீழே ஒரு கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு நிறுத்துவது நல்லது. மழைக்காலத்தில் தரையிலிருந்து எழும் ஈரம் கொஞ்சமன்று. கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்பது நமக்கு ஓர் ஆறுதல். காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்துக் கடலோரத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், உப்புக்காற்று எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆய்வகத்தின் தலையாய ஆய்வுப் பொருள்கள் பேட்டரியும் அரிப்பும். அதற்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு அந்த இரண்டாலும் வண்டியைக் கெடுத்துக்கொள்வது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

உறங்க வைத்தால் எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேயும் சில வழிகள் இருக்கின்றன.

சாவியைத் திருப்பி அப்படியே ஓட்டிப் போவது முதல் வழி. இரண்டு மூன்று வாரம் நின்ற வண்டிக்கு இதுவே போதும். அதற்கு மேல் செய்வதெல்லாம் மனநிம்மதிக்காக. ஆனால் பத்து மாதம் நின்ற பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால், எஞ்சின் பிடித்த மறுகணமே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்று வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஆயில் அப்போதுதான் புறப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பெட்ரோலை நிறுத்திவிட்டுச் செல்ஃப் மட்டும் அடிப்பது. ஃபியூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்புக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பத்து நொடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி பத்து நொடி அடிக்கலாம். நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவில், தீ பிடிக்கும் அடியும் இல்லாமல், பெட்ரோலால் கழுவப்படாமல், எஞ்சின் மெல்லச் சுழலும்போது ஆயில் பம்பு தன் வேலையைச் செய்துவிடும். செல்ஃப் அடிக்கும்போதே ஆயில் விளக்கு அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். உழைப்புக்கும் பயனுக்கும் பார்த்தால் இதற்கு இணையான வழி வேறில்லை; நல்ல பேட்டரி ஒன்று மட்டும் வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கணினியே பெட்ரோலை நிறுத்திவிடும் என்று ஒரு குறுக்கு வழியும் சொல்வார்கள். பல கார்களில் அது உண்மை. எல்லாக் கார்களிலும் இல்லை. அப்படி இல்லாத காரில் இதைச் செய்தால், காய்ந்து கிடக்கும் எஞ்சின் முழு வேகத்தில் அலறிக்கொண்டு எழும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே வலிந்து செய்ததாகிவிடும் என்பதால் நான் ஃபியூஸைத்தான் நம்புகிறேன்.

டீசலில் இந்த வழியை அப்படியே பின்பற்றக் கூடாது. இழுக்கும் கம்பியால் அணைக்கிற பழைய ஜீப்பிலும் டீசல் அம்பாசடரிலும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் போதும். இக்கால டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் எஞ்சினில் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகு. டீசல் வராமல் அதைச் சுழற்றினால் எஞ்சினைக் காப்பாற்றப் போய், விலையுயர்ந்த பம்பைத் தேய்த்ததாகிவிடும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகைப் பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இவற்றுக்கு நான் கைக்கொள்வது தள்ளும் முறை. சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்பி, டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல், மூன்று நான்கு பேர் சேர்ந்து முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். ஆறடி நகர்ந்தால் எஞ்சின் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். பின்னோக்கித் தள்ளக் கூடாது. டைமிங் பெல்ட்டுக்கு அது ஆகாது. இப்படிச் சுற்றுவதால் ஆயில் அழுத்தம் வந்துவிடாது. ஆனால் ரிங் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், செல்ஃப் மோட்டாரின் முரட்டு அடிக்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு இந்த வழி இல்லை.

நம் ஊர்ப் பழைய ஓட்டுநர்கள் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 1958-இல் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசடரில், முன்பம்பருக்கு அடியில் ஹேண்டில் செருகித் திருப்ப ஓர் ஓட்டை பல ஆண்டுகள் இருந்தது. எங்கள் வீட்டு ஓட்டுநர் அண்ணன், வண்டி ஒரு வாரம் நின்றிருந்தாலே, சாவி போடாமல் எட்டுப் பத்துச் சுற்று ஹேண்டில் போட்டபிறகுதான் உள்ளே ஏறி உட்காருவார். "சோம்பல் முறிச்சுக்கட்டும்" என்பார். அது சகுனம் பார்ப்பதுபோல என்று அப்போது நினைத்தேன்.

மூன்றாவது வழிதான் முழுமையானது: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவுக்குப் புது எஞ்சின் ஆயிலை விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றி, பிறகு பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடிப்பது. அழுத்தம் பிடிக்க வழியில்லாததால் எஞ்சின் லேசாகவும் விரைவாகவும் சுழலும், சிலிண்டர் சுவர் காய்ந்திருக்காது, ஒட்டிய ரிங்கும் இளகும். ஓராண்டுக்கு மேல் நின்ற எந்தப் பெட்ரோல் வண்டிக்கும் இது தகும். இதில் கவனக்குறைவுக்கு இடமில்லை. ஆயிலை அதிகமாக விட்டால் புகையோடு போகாது. மூடிய சிலிண்டருக்குள் திரவம் நசுங்காது என்பதால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பிளக் துளையைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் துடைக்காமல் பிளக்கைக் கழற்றினால், அந்தத் தூசி உள்ளே விழுந்து, நின்றதால் வந்த தேய்மானத்தைவிட அதிகம் தேய்த்துவிடும். துரு நீக்கும் திரவத்தை ஆயிலுக்குப் பதிலாக அடிக்கிறார்கள். எஞ்சின் உண்மையிலேயே ஜாம் ஆகியிருந்தாலன்றி அது வேண்டாம், ஏனெனில் இருக்கிற ஆயில் படலத்தையும் அது கரைத்துவிடும். இக்காலக் கார்களில் பிளக்கின்மேல் தனித்தனிக் காயில் இருப்பதால் இதை வீட்டில் செய்வது எல்லாராலும் முடியாது. மெக்கானிக் ஒருவரை வரவழைத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது.

எஞ்சின் எழும் முன்பே மின்பம்பால் ஆயிலை ஏற்றும் கருவிகளும் விற்கின்றன. பெரிய ஜெனரேட்டர் எஞ்சின்களிலும் கப்பல் எஞ்சின்களிலும் அவை இன்றியமையாதவை. ஆண்டுக்கு இரண்டு முறை எழுப்பும் குடும்பக் காருக்கு, கூடுதல் குழாயும் கசிவதற்குப் புதிய மூட்டுகளும் சேர்த்து அதைப் பொருத்துவது வீண்செலவு. ஆயிலில் கலக்கும் 'தேய்மானத் தடுப்பு' டப்பாக்களும் அப்படியே. காசு செலவழிக்க ஆசை இருந்தால் நல்ல ஆயில் ஃபில்டர் வாங்கலாம். அதற்குள் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் விரைவில் விறைத்து வடியவிட்டுவிடும். சிலிகான் ரப்பர் போட்டது நெடுநாள் தாங்கும். அதுவும் ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட எஞ்சினில்தான் பொருட்படுத்தத்தக்கது.

எந்த வழியில் எழுப்பினாலும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் சாவியைத் தொடக்கூடாது. எலி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் வைக்கோலுமாகக் கூடு கட்டியிருந்தால் அந்தக் குப்பை எஞ்சினுக்குள் போகும். வயரைக் கடித்திருந்தால் செல்ஃப் அடித்து அடித்தே சிலிண்டரைக் கழுவிவிடுவோம். ஆயில் கேஜை உருவிப் பார்த்தால் அளவு கூடியிருக்கிறதா என்றும் தெரியும். நின்ற வண்டியில் ஆயில் கூடியிருந்தால் பெட்ரோலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது. எழுந்தபின் ஆயில் விளக்கு ஐந்து நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அணைந்தால் அரை நிமிடம், டர்போ இருந்தால் ஒரு நிமிடம், ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டு, பிறகு முதல் பத்துக் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதே சூடேற்றும் முறை.

என் பொறுப்பில் உள்ள மூன்றுக்கும் நான் எடுத்த முடிவு இது. அம்பாசடருக்கு நானே ஓட்டுநர் என்பதால் மாதம் ஒரு முறை பிள்ளையார்பட்டி. போக முடியாத மாதம் அதைத் தொடுவதே இல்லை. டீசல் காருக்கு முழு உறக்கம், எழுப்பும்போது தள்ளும் முறை. தங்கையின் காரைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு எட்டு நாள் மட்டும் ஓடும் வண்டிக்குக் காப்பீடும் ஆயிலும் பேட்டரியும் கூட்டிப் பார்த்து, விற்றுவிட்டு வரும்போது வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளச் சொன்னேன். கணக்கை மறுக்கவில்லை, "ஆச்சி ஏறிப் போன கார்ண்ணே" என்றாள். ஆகவே அதுவும் புது ஆயிலோடு, பேட்டரி கழற்றி, பெட்ரோல் பம்பு ஃபியூஸ் டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு காகித உறையில் இருக்க, சைலென்சரில் துணி அடைத்து நிற்கிறது. அந்தத் துணியை மறந்துவிட்டு யாரும் சாவி போட்டுவிடக் கூடாது என்பதற்காக, அது இருப்பதை ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.